தொழில் நடத்தும் குடியேறிய பெண் வட்டாரப் பொறுப்பை ஏற்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துப் பெண், உட்லண்ட்ஸ்

அன்புடையீர், வணக்கம். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த நான், வீட்டுச் சமையலறையில் பலகாரங்கள் செய்து விற்கத் தொடங்கி, இப்போது ஊழியர்களை வைத்து ஒரு கேட்டரிங் நிறுவனத்தை நடத்தி வருகிறேன். நெடுநாள் நிரந்தரவாசியாக இருந்த பிறகு, இந்தியக் குடியுரிமையைத் துறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றேன். என் பிள்ளைகள் பிறந்ததும் படிப்பதும் இங்கேதான்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கிருமிப் பரவலை முறியடிப்பதற்காக எல்லாம் மூடப்பட்டிருந்தபோது, திருமண விருந்துகளும் விழாக்களும் நின்றுபோய் எங்கள் அடுப்புகளுக்கு வேலையில்லாமல் இருந்தது. அப்போது விடுதிகளில் அடைபட்டிருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கும், எங்கள் பக்கத்து வாடகை புளோக்கில் (வாடகை வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில்) தனியாக வாழும் முதியவர்களுக்கும் உணவு சமைத்துக் கொடுத்தோம். அந்த முதியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்களுடன் ஏற்பட்ட பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அதைப் பார்த்த எங்கள் வசிப்போர் குழுவின் (அண்டை வீட்டாருக்கான தொண்டூழியக் குழுவின்) தலைவி, குழுவில் உறுப்பினராகச் சேரும்படி என்னைக் கேட்டிருக்கிறார். சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது.

எனக்கு ஆர்வம் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. வியாபாரத்தை வளர்ப்பதற்காகத்தான் இந்தப் பெண் பதவி தேடுகிறாள் என்று பிறர் எண்ணக்கூடும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள், நேற்று வந்தவள் நமக்குத் தலைமை தாங்குவதா என்று வருந்தக்கூடும். எங்கள் ஊரில் வார்டு உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் தேர்தலில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், என் உறவுக்காரப் பெண் ஒருவரே ஊராட்சியில் உறுப்பினராக இருக்கிறார். இங்கே வழி எப்படி அமைந்திருக்கிறது, இது கட்சி அரசியலில் போய் முடியுமா, இரண்டு அழைப்புகளில் எதை ஏற்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈசூன்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் இங்கே பிறந்தவள். ஆசிரியப் பணியில் இருந்த காலத்திலேயே அடித்தள அமைப்புகளில், அதாவது வட்டார மக்களுக்கான தொண்டூழியக் குழுக்களில், தொண்டூழியம் செய்யத் தொடங்கி, ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்து வருகிறேன்.

நீங்கள் ஒப்பிட்ட உள்ளாட்சித் தேர்தல் இங்கே இப்போது இல்லை. 1957இல் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்து, மேயரும் இருந்தார். 1959இல் தன்னாட்சி வந்த பிறகு அந்தக் கழகத்தின் பணிகள் அரசாங்கத்தின் கைக்குச் சென்றுவிட்டன. இன்று குடியிருப்புப் பேட்டைகளின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் நகர மன்றங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைமையில் இயங்குகின்றன. மக்களை ஒன்றுசேர்க்கும் பணி, 1960 ஜூலை 1ஆம் தேதி தொடங்கப்பட்ட மக்கள் கழகத்தின் கீழ் வருகிறது. அதன் குடையின்கீழ்தான் 1965இல் உருவான குடிமக்கள் ஆலோசனைக் குழுக்களும், 1978இல் தொடங்கிய வசிப்போர் குழுக்களும், சமூக மன்ற நிர்வாகக் குழுக்களும், மகளிர், இளையர், மூத்தோர், இந்தியர் நற்பணி என்று பலவகையான செயற்குழுக்களும் இருக்கின்றன. இவற்றில் எவரும் வாக்குக் கேட்டு வருவதில்லை. தொடர்ந்து வேலை செய்கிறவரைக் குழுவினர் கவனிக்கிறார்கள், இக்குழுக்களுக்கு வழிகாட்ட நியமிக்கப்பட்ட அடித்தள ஆலோசகரிடம் பரிந்துரைக்கிறார்கள், பிறகு நியமனம் வருகிறது. ஆகவே பதவியைத் தேடிப் போக வேண்டிய நிலை உங்களுக்கு இல்லை. உங்கள் வேலையைப் பார்த்துத்தான் அழைப்பு வந்திருக்கிறது.

எதை ஏற்பது என்று கேட்டீர்கள். என் கருத்து, முதலில் வசிப்போர் குழு. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் இன விகிதம் பேணப்படுவதால், எந்தப் பேட்டையிலும் நம் அண்டை வீட்டாரில் பெரும்பாலோர் சீனரும் மலாய்க்காரருமாகவே இருப்பார்கள். வசிப்போர் குழுவின் வேலை அவர்களுக்கானது: மின்தூக்கி பழுதான நாளில் பத்தாவது மாடிப் பாட்டிக்கு மருந்து யார் வாங்கி வருவது, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே துணி காயவைக்கும் தகராறை யார் பேசித் தீர்ப்பது, கீழ்த்தளத்தில் நோன்புப் பெருநாள் விருந்து நடத்தினால் எல்லா இனத்தாரும் உட்கார்ந்து சாப்பிடும்படி சமையலை எப்படி ஏற்பாடு செய்வது என்பன போன்ற காரியங்கள். இங்கே வளர்ந்த எங்களைப் போன்றவர்கள் கடைத்தெரு மலாயையும் சீன வட்டார மொழியான ஹாக்கியனில் நாலைந்து சொற்களையும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட சூழலில் பழகிவிட்டோம். நீங்களோ அந்த முதியவர்களின் வாசலுக்கே சென்று அதைத் தொடங்கிவிட்டீர்கள். நற்பணிச் செயற்குழு சிறப்பாகத்தான் செயல்படுகிறது. பொங்கலும் தீபாவளியும் அவர்களால்தான் பேட்டைகளில் களைகட்டுகின்றன. ஆனால் முதல் அடியைத் தமிழர் வட்டத்துக்குள்ளேயே எடுத்துவைத்தால், அந்த வட்டத்தைத் தாண்டுவதற்கு நேரம் கிடைப்பதே இல்லை என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நேற்று வந்தவள் என்ற கவலையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். எங்களில் சிலருக்கு அப்படிப்பட்ட மனக்குறை உண்டு. புதிதாக வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே கூடுகிறார்கள், ஊர் வழக்கங்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற வருத்தம் அது. அந்த வருத்தத்துக்குக் காரணமாக இருப்பது கூட்டத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறோம், யாரிடம் முதலில் பேசுகிறோம் என்பதுதான். பிறந்த ஊரைப் பற்றி நெடுநாள் எவரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. என் தாத்தாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்தாம்.

பதில் 2: சரக்குப் போக்குவரத்துத் தொழில், ஜூரோங்

நானும் மதுரையிலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கிய பெண். ஒரு சமூக மன்ற நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். ஆசிரியை அம்மா சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். தொழில் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் தொழில் கேட்டரிங். அடித்தள அமைப்புகள் நடத்தும் நிகழ்ச்சி எதுவானாலும் அங்கே சாப்பாடு இருக்கும். உங்களை நன்கு அறிந்த குழுவினர், வெளியாரிடம் வாங்குவதற்குப் பதிலாக நம் அக்காவிடமே வாங்கலாம் என்று அன்பினால் சொல்வார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் பெயர் நிற்பதும் கெடுவதும் இருக்கிறது. 2015இல் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்புகள் சிலவற்றில் நடந்த கொள்முதல்களில், சம்பந்தப்பட்டவர்களே ஒப்புதலிலும் பங்கெடுத்திருந்ததைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. நாளிதழ்களில் அது பல நாள் பேசப்பட்டது. அதன் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. விதி என்ன அனுமதிக்கிறது என்று பார்த்து அதன் எல்லைவரை செல்வதைவிட, நீங்கள் இருக்கும் குழுவுக்கு உங்கள் நிறுவனம் ஒருபோதும் விலைப்புள்ளி கொடுக்காது என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும்படியும் கேளுங்கள். கணவர், கொழுந்தனார், பங்காளி என்று நெருங்கிய உறவினர் நடத்தும் நிறுவனங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இலவசமாகச் சமைத்துக் கொடுப்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பணம் வாங்காததால் அது தொண்டு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நிறுவனத்தின் பெயர் பொறித்த வேனும், பெயர் அச்சிட்ட பெட்டியும், பரிமாறுகிற ஊழியரின் சட்டையில் சின்னமும் இருந்தால், பார்ப்பவருக்கு அது விளம்பரம். நான் நன்கொடையாகக் கொடுக்கும் போக்குவரத்துச் சேவைக்குச் சின்னம் இல்லாத வாடகை வண்டியையே அனுப்புகிறேன். அதன் மதிப்பைக் கணக்கிலும் காட்டுகிறேன். செலவு கொஞ்சம் கூடுகிறது. ஆனால் நான் பேசும்போது எந்த நோக்கத்தோடு பேசுகிறேன் என்று எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

உங்கள் ஊழியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பொதுநல அறநிறுவனத் தகுதி பெற்ற அமைப்புகளுக்கு ஊழியர்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கும்போது, அந்த நேரத்துக்கான சம்பளத்துக்கும் தொடர்புடைய செலவுகளுக்கும் 250 விழுக்காடு வரிக்கழிவு கோரும் திட்டம் ஒன்று 2016 முதல் நடப்பில் இருக்கிறது. நிபந்தனைகளும் உச்சவரம்பும் உண்டு. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் அத்தகைய தகுதி பெற்றதே. மாதந்தோறும் நம் இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்குப் பிடித்து அனுப்புகிறோம் அல்லவா; அந்தப் பணம் எந்தப் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்குப் போகிறது என்பதை ஊழியர்கள் நேரில் சென்று பார்ப்பது மிகவும் நல்லது. என் ஓட்டுநர்களில் இருவர் அப்படிச் சென்று, இப்போது தாமாகவே தொண்டூழியம் செய்கிறார்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மனநிறைவுகளில் இதுவும் ஒன்று.

பதில் 3: வரலாற்று ஆர்வலர், பீச் ரோடு

தொழில் நடத்துகிற, வேறிடத்திலிருந்து வந்த பெண் பொதுப்பணியில் இறங்குவது சிங்கப்பூருக்குப் புதிதன்று. நான் வேலைக்குச் செல்லும் வழியில் ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலைத் தினமும் கடக்கிறேன். மலாக்காவிலிருந்து வந்த ஃபாத்திமா, கணவர் இறந்த பிறகு கப்பல் வணிகத்தைத் தாமே ஏற்று நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவருடைய வீடு இரண்டு முறை கொள்ளையடிக்கப்பட்டு, இரண்டாம் முறை தீயும் வைக்கப்பட்டது. உயிர் தப்பியதற்கு நன்றியாக அந்த நிலத்தையே பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். 1840களின் நடுவில் கட்டடம் எழுந்தது. ஏழைகளுக்கு வீடுகளும் கட்டிக் கொடுத்தார். ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளிவாசல் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நேற்று வந்தவள் என்ற சொல்லுக்கு ஷிரின் ஃபொஸ்தாரின் வாழ்க்கையைவிடத் தெளிவான மறுமொழியை நான் காணவில்லை. பம்பாயில் பிறந்த அவர் 1950இல்தான் சிங்கப்பூருக்கு வந்தார். 1952இல் சிங்கப்பூர் மகளிர் மன்றம் அமைந்தபோது அதன் முன்னணியில் இருந்தவர் அவர். பலதார மணத்துக்கு எதிராக அந்த மன்றம் ஓயாமல் வாதாடியது. முஸ்லிம் அல்லாதோரிடையே பலதார மணத்தைத் தடைசெய்த மாதர் சாசனம் 1961இல் சட்டமானது. இங்கே பிறந்த பெண்கள் பலர் அவருடன் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் மட்டும் தனியாக அதைச் சாதித்திருக்க இயலாது. கேரளத்தில் பிறந்து இங்கே குடியேறிய செச்சா டேவிஸ், இளம் கிறிஸ்துவப் பெண்கள் சங்கத்தின் தலைவியாக 1960களில் பணியாற்றினார். சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் வந்த ஆண்டை வைத்து இந்த ஊர் அவர்களை ஒதுக்கவில்லை.

பதில் 4: இளையர், பொங்கோல்

கட்சி அரசியலைப் பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன், அக்கா. மக்கள் கழகம் ஓர் ஆணைபெற்ற கழகம், அதாவது சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசாங்க அமைப்பு. அது கட்சி அன்று. ஆயினும் அடித்தள ஆலோசகர்களை அரசாங்கம் நியமிக்கிறது. எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளில் அந்த ஆலோசகர் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பதில்லை. இதைப் பற்றி மக்களிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு என்பதையும் அறிந்துகொண்டே சேருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களின் குறைகளைக் கேட்க நடத்தும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளில் மனு எழுதிக் கொடுப்பவர்களில் பலர் கட்சித் தொண்டர்கள். அடித்தள அமைப்பின் தொண்டூழியமும் இந்த மனு எழுதும் வேலையும் வேறு வேறு பணிகள். ஒன்றில் சேர்ந்தால் மற்றதிலும் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிற்காலத்தில் தேர்தலில் நிற்கும் எண்ணம் வந்தால், குடியேறி வந்தவர் என்பது தடையாகாது. 21 வயது நிரம்பிய குடிமகளாகவும், வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவராகவும், மொத்தமாகப் பத்து ஆண்டுகளாவது இங்கே வசித்தவராகவும் இருக்க வேண்டும் என்பன அரசியலமைப்பு கூறும் தகுதிகளில் சில. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கெடுக்கும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வசிப்போர் குழுத் தலைவியிடம் பேசிவிட்டேன். ஓர் ஆண்டு உறுப்பினராக மட்டும் இருந்து வேலை செய்கிறேன், அதுவரை செயலாளர், பொருளாளர் போன்ற எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்கு அவர் இணங்கினார். என் நிறுவனம் எங்கள் தொகுதியின் அடித்தள அமைப்புகள் எதற்கும் உணவு வழங்காது என்ற கடிதத்தையும் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே சமூக மன்றத்திலிருந்து கிடைத்து வந்த ஒரு வருடாந்தர விருந்து ஆர்டர் இதனால் கைவிட்டுப் போகிறது. என் கணவரும் நானும் கலந்து பேசி அதை ஏற்றுக்கொண்டோம். நற்பணிச் செயற்குழுவினரிடம், பொங்கலின்போது கீழ்த்தளத்தில் பானை வைக்கவும் பரிமாறவும் தொண்டூழியராக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வாடகை புளோக்கு முதியவர்களுக்காக மாண்டரினில் எளிய பேச்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்துகொள்ளவும் விரும்புகிறேன். சமூக மன்றங்களில் வேலைநாள் மாலையில் இத்தகைய வகுப்பு நடப்பது யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சனி, ஞாயிறுகளில் எனக்கு அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை.