அப்பாவுக்குக் காஜா (பட்டன் துளைத் தையல்) எடுக்கத் தெரியுது, சாப்பிட்டது தெரியல. எப்படி?

தாராவி மகள்:
அப்பா வாலிபத்துலேர்ந்து தாராவியில தையல்காரர். இப்ப வயசு 76. அல்சைமர்ங்கிற மறதி நோய், மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி சுருங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். மீன்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள "இன்னும் சோறு போடலையா"ங்கிறார். ஆனா சட்டையும் ஊசிநூலும் மடியில வச்சா போதும். நூல் நுனியை நாக்குல நனைச்சு, முறுக்கி, கோர்த்து, காஜா எடுக்க ஆரம்பிச்சிடுவார். ஒரு தையல்கூடப் பிசகாது. நினைவு போச்சுன்னா இது மட்டும் எப்படி மிஞ்சுது? அடுத்த மாசம் வேற சாலுக்கு (வரிசை வீட்டுக் கட்டடம்) குடி போறோம். புது வீட்டுல பாத்ரூம் வழி பழகுவாரா?

மாட்டுங்கா வாத்தியார்:
தங்கச்சி, நினைவு மூளையில ஒரே இடத்துல இல்ல. பார்த்தது பின்மண்டைப் பக்கம், கேட்டது காதுக்கு மேல, இப்படிப் பிரிஞ்சு பதியுது. அதெல்லாம் சேர்ந்ததுதான் இன்னிக்கு மதியச் சாப்பாடுன்னு இணைக்கிறது ஹிப்போகேம்பஸ். அது பழுதானா புதுசா நடந்தது நிக்காது. கைப்பழக்கத்துக்குப் பாதை வேற: மூளையோட ஆழத்துல இருக்கிற பேசல் கேங்லியா, அப்புறம் சிறுமூளை.

1953ல ஹென்றி மொலேசன்ங்கிற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்த ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸிலயும் முன்பகுதியை எடுத்தாங்க. அப்புறம் தினம் பார்க்கிறவங்க முகம்கூட அவருக்குப் புதுசு. பிரெண்டா மில்னர்ங்கிற உளவியல் ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில தெரியற பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைய வச்சார். நாளுக்கு நாள் கோடு தேறிச்சு. முன்னாடி வரைஞ்ச ஞாபகமே அவருக்கு இல்ல! இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. அப்பாவும் புது வழியைப் பழகலாம், மெதுவா.

சயான் மருமகள்:
அக்கா, என் மாமியாரைப் பார்த்துக்கிட்ட அனுபவத்துல சொல்றேன். "பாத்ரூம் எங்க, சொல்லுங்க"ன்னு சோதிக்காதீங்க. தப்பான கதவைத் திறந்தா அந்தத் தப்பே பழகிடும். ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சு ஒரே வழியா கூட்டிட்டுப் போங்க. கட்டிலைப் பழைய வீட்டுல இருந்த திசையிலேயே போடுங்க. ராத்திரி லைட்டை அணைக்க வேண்டாம். "சாப்பிட்டீங்களே"ன்னு வாதாடாம ரெண்டு பிஸ்கட் கொடுங்க.

தாராவி மகள்:
ரொம்ப நன்றி. அப்ப காஜா கடைசிவரைக்கும் வருமா, அண்ணே?

மாட்டுங்கா வாத்தியார்:
அப்படிச் சொல்ல மாட்டேன், தங்கச்சி. நோய் பரவப் பரவ கைப்பழக்கத்தையும் தொடும். ஆனா பெரும்பாலும் தாமதமாத்தான். அதுவரைக்கும் தினம் துணி கொடுங்க, ஊசி எண்ணிக்கை மட்டும் உங்க கையில இருக்கட்டும். தையல் மிஷினையும் விட்டுட்டுப் போகாதீங்க. மோட்டாரைக் கழட்டிட்டு, கால்மிதியோட வையுங்க.