சைலன்சர் மாற்றியபின் ‘பட் பட்’ சத்தம்: டியூன் செய்தால் வாரண்டி போய்விடுமா?

நண்பர்களே, ஒரு குழப்பம். பைக் வாங்கி 14 மாதம் ஆகிறது, வாரண்டி இன்னும் இருக்கிறது. போன மாதம் ஸ்லிப்-ஆன் சைலன்சர் (முன்குழாயை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது) மாட்டினேன். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் முன்குழாயில் இருப்பதால் அதைத் தொடவில்லை, ஆக்சிஜன் சென்சாரும் அதே இடத்தில்தான். சத்தம் அருமை (பக்கத்து வீட்டுக்காரர் கருத்து வேறு).

வேகமாகப் போய் திராட்டிலை மூடினால் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. இணைப்பில் காற்று கசிகிறதோ என்று கேஸ்கெட்டை மாற்றி, கிளாம்பை இறுக்கினேன். குறைந்தது, நிற்கவில்லை. இன்ஜின் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடுகிறதோ என்று பயம். நிதானமாக ஓட்டும்போது சென்சார் காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-க்கு 1 என்ற அளவில் பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் முழுத் திராட்டிலில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன் மேப்பை, அதாவது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற அட்டவணையை, நம்பித்தானே பெட்ரோல் விடும்? அந்த மேப் பழைய சைலன்சருக்காக எழுதியது.

இசியு ரீமேப் செய்வதா (அந்த மேப்பையே மாற்றி எழுதுவது), இசியுவோடு சேர்த்து மாட்டிப் பெட்ரோல் அளவைத் திருத்தும், கழற்றி எடுக்கக்கூடிய பிக்கிபேக் ஃப்யூல் கன்ட்ரோலர் போதுமா? வெறும் ஸ்லிப்-ஆனுக்கு இரண்டுமே வீண்செலவா?

சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஒருவர் “சைலன்சர் வாரண்டி மட்டும்தான் போகும்” என்கிறார், இன்னொருவர் மொத்த இன்ஜினுக்கும் கைவிரிக்கிறார். எழுத்தில் தர யாருமில்லை. இப்படி மாற்றியபின் இன்ஜின் வேலைக்கு வாரண்டி கேட்டவர்கள் இருந்தால், நடந்ததைச் சொல்லுங்கள். ரீமேப்பை அழித்துப் பழைய மேப்பை ஏற்றினாலும் அவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததா?