நான்காம் படிவத்தில் படிக்கும் மகளைப் புறப்பாட நடவடிக்கையிலிருந்து நிறுத்தலாமா?

தோட்டத்து அப்பா, பகாவ்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் பட்டணத்திலிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். நான் எண்ணெய் ஆலையில் முறை வேலை பார்க்கிறேன். என் மனைவி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த எங்கள் மூத்த மகள் இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கிறாள்.

பாட நேரத்துக்கு வெளியே நடக்கும் புறப்பாட நடவடிக்கைகளில், அவள் முதலுதவி கற்றுத்தரும் செம்பிறைச் சங்கத்தில் உறுப்பினர், தமிழ்மொழிக் கழகத்தில் உறுப்பினர், வலைப்பந்தும் விளையாடுகிறாள். இந்த ஆண்டு தமிழ்மொழிக் கழகத்துக்குச் செயலாளராக இருக்கும்படி ஆசிரியை கேட்டிருக்கிறார். அவளும் தலையாட்டிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் எங்களிடம் சொன்னாள்.

எங்கள் சிக்கல் இதுதான். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்து பிற்பகல் 2.15க்குப் புறப்பட்டுவிடும். புதன்கிழமை நடவடிக்கைகள் முடிய 4.30 ஆகும். நான் பகல் முறையில் இருக்கும் வாரங்களில் மாலை ஏழு மணிக்கு முன் ஆலையை விட்டு வெளியே வர முடியாது; மனைவிக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. போன ஆண்டு பாதிப் புதன்கிழமைகள் அவள் போகவே இல்லை. மற்ற நாள்களில் யாராவது தோழியின் வீட்டில் காத்திருந்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாள். இதற்கிடையில் கூடுதல் கணிதத்தில் அவள் தடுமாறுகிறாள். அதற்கு ஒரு டியூஷன் ஆசிரியர் கிடைத்திருக்கிறார், அவருக்கும் புதன்கிழமை மாலைதான் ஒழிந்திருக்கிறதாம்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுதான் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஏணி என்று நினைத்து வளர்ந்தவன் நான். சீருடை போட்டு அணிவகுப்பதாலும் கூட்டக் குறிப்பு எழுதுவதாலும் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன வளர்ச்சி கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால், அந்த மதிப்பெண் எவ்வளவு, எதற்குப் பயன்படும் என்பதையும் விளக்கினால் நன்று.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்தியதோடு சாரணர் இயக்கத்தையும் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதிப்பெண். சீருடை இயக்கம், கழகம் அல்லது மன்றம், விளையாட்டு ஆகிய மூன்றிலும் மாணவர் பங்கெடுக்க வேண்டும் என்பது நம் பள்ளிகளின் ஏற்பாடு. அந்தப் பங்கேற்பை மதிப்பிடும் முறைக்குத்தான் பாஜ்ஸ்க் என்று பெயர். வருகை, வகித்த பதவி, எந்த நிலை வரை போட்டியிட்டார், என்ன வென்றார், எவ்வளவு ஈடுபாடு காட்டினார், என்ன சேவை செய்தார் என்று பல கூறுகளாக அது பிரியும். அவற்றில் வருகைக்குத்தான் பெரும் பங்கு. ஆகவே உங்கள் மகள் போகாமல் விட்ட பாதிப் புதன்கிழமைகள், ஒரு போட்டியில் தோற்பதைவிட அதிக இழப்பு. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. என்னும் மைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. பத்து என்றால் சிறிதாகத் தோன்றும். ஆனால் போட்டி மிகுந்த துறைகளில் ஒருவரையொருவர் பின்னமான புள்ளிகளில் முந்துகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இருந்தாலும், அந்தப் பத்துக்காக மட்டும் அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான்காம் படிவத்துக்கு வந்தும் வகுப்பில் வாய் திறக்காத ஒரு தோட்டத்துப் பையன் என்னிடம் படித்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாயில் தேறுவதற்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, அதன் பிறகுதான் முதலாம் படிவத்துக்கே போனவன். மலாய் புரியும், பேச நா எழாது. அவனைச் சாரணர் பொருள் அறைக்குப் பொறுப்பாளனாகப் போட்டேன். கூடாரம் எத்தனை, கயிறு எத்தனை, எது கிழிந்தது, எது திரும்பி வரவில்லை என்று கணக்கு வைக்க வேண்டும். சாவிக்காக ஒவ்வொரு வாரமும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்த சீனப் பையனிடமும் மலாய்ப் பையனிடமும் போய்ச் சண்டை போட வேண்டும். வகுப்பறையில் ஆசிரியர் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளலாம். பொருள் அறையில் அது நடக்காது, ஏனென்றால் கணக்கு இடித்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் அவன் மலாய் பேசிய வேகம், மொழிப் பாட ஆசிரியரையே திகைக்க வைத்தது. அவன் பேசிய மலாயில் இலக்கணப் பிழை இருந்தது, பயம் இல்லை.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம் என்பது என் எண்ணம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பள்ளியிலும் கோயிலிலும் வீட்டு வரிசையிலும் அவர்கள் பார்ப்பது ஒரே முகங்கள். இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிறகும் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே மூலையில் சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். முதலுதவிப் பயிற்சியில் ஒருவருக்குக் கட்டுப் போடவும் ஒருவரைத் தூக்கிச் செல்லவும் யாருடைய கை அருகில் இருக்கிறதோ அதைப் பிடித்தாக வேண்டும். அங்கே மூலை கிடையாது.

உடலைப் பற்றியும் ஒரு சொல். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் காலத்தில் தோட்டத்துத் திடலில் மாலைப் பந்தாட்டம் அதைக் கவனித்துக்கொண்டது. இப்போது எத்தனை திடலில் புல் வெட்டியிருக்கிறது?

1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம், அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது. அதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியதில் பாதியாவது நடப்பது, என் அனுபவத்தில், புதன்கிழமை பிற்பகலில்தான்.

ஆலைக் கம்மியர்

ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எல்லாப் பள்ளியிலும் அவரைப் போன்ற ஒருவர் சாவியைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைப்பதில்லை. நான் படித்த இடத்தில், ஒரு கழகத்தின் பெயரால் எண்பது பேரை மண்டபத்தில் உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டு, கையெழுத்து முடிந்ததும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க விட்டார்கள். மூன்று ஆண்டுகள் அதில் உறுப்பினராக இருந்தேன். அந்தக் கழகம் எதற்காக இருந்தது என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு மணி நேரத்துக்காக ஒரு பெண்பிள்ளை இருட்டில் செம்மண் பாதையில் வீடு திரும்ப வேண்டும் என்றால், தகப்பன் தயங்குவதில் தவறே இல்லை.

செலவையும் யாரும் சொல்லவில்லை. சீருடை, காலணி, சட்டையில் குத்தும் வில்லை, முகாம் கட்டணம், போட்டிக்குப் போக வேன் வாடகை என்று ஒவ்வொன்றாக வரும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

விளையாட்டு என்றதும் சிலர் உடனே பெரிய பெயர்களை எடுத்துவிடுவார்கள். சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுவர்ப்பந்து ஆடியே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வரை போனார், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் தங்கமும் வென்றார் என்பது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவருக்குக் கிடைத்த திடலும் பயிற்சியாளரும் 11 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. விதிவிலக்கைக் காட்டி வழியைச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் திருவிழாவுக்காக எங்கள் தோட்டத்து உருமி மேளக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். நேரத்துக்கு வருவது, பெரியவர் தட்டும் தாளத்துக்குக் காது கொடுப்பது, தோல் கிழிந்தால் அன்றிரவே கட்டி முடிப்பது எல்லாம் அங்கே கற்றவை. இன்று ஆலையில் இயந்திரம் நின்றுபோகும் இரவுகளில் எனக்குக் கைகொடுப்பதும் அவைதான். ஆகவே நடவடிக்கையே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. மூன்றில் எதில் உங்கள் மகளுக்கு உண்மையான வேலை இருக்கிறதோ அதில் முழுமையாக இருக்கட்டும். மற்றவற்றில் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி

ஐயா, நானும் தோட்டத்திலிருந்து வந்தவள்தான். இப்போது ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அந்த 10 விழுக்காட்டைப் பற்றி இரண்டு நடைமுறைச் செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் உங்கள் மகளின் பாஜ்ஸ்க் பதிவை அவளே சரிபார்க்கட்டும். நான் மாவட்ட நிலைப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டது ஓராண்டு பதிவாகாமல் போயிற்று. நற்சான்றிதழின் நகல் கையில் இருந்ததால் வகுப்பாசிரியரிடம் காட்டித் திருத்த முடிந்தது. பள்ளியை விட்டு வெளியேறிய பிறகு தெரிந்திருந்தால் அலைந்திருப்பேன். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே கோப்பில் போட்டு, அதை வீட்டில் மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். சிரிக்க வேண்டாம், என் தோழியின் கோப்பு நனைந்து பாழானது.

இரண்டாவது, நேர்முகத் தேர்வு. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்துக்கு நான் போனபோது, எத்தனை கழகத்தில் இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. செயலாளராக இருந்தபோது ஒரு நிகழ்ச்சி கெட்டுப்போனால் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். பாரதியார் விழாவுக்கு அழைத்த பேச்சாளர் வராமல் போனதையும், நானும் என் கழகத்தாரும் அரை மணி நேரத்தில் ஒரு கவிதை அரங்கத்தை ஏற்பாடு செய்ததையும் சொன்னேன். இடம் கிடைத்தது, பின்னர் மனம் மாறி வேறு துறையைத் தேர்ந்தெடுத்தேன் என்பது வேறு கதை. செயலாளர் பதவியை அவள் ஏற்கட்டும் என்றே நான் சொல்வேன். மலாயில் கடிதம் எழுதி முதல்வரின் ஒப்புதல் வாங்குவது, வரவுசெலவைக் காட்டுவது போன்றவற்றை வேறெந்தப் பாடமும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் தூக்கத்தைக் குறைத்து இதைச் செய்ய வேண்டாம். நான் ஐந்தாம் படிவத்தில் நள்ளிரவுக்கு மேல் படித்து, அதிகாலைப் பேருந்தில் தூங்கி விழுந்து, கூடுதல் கணிதத்தில் கீழே இறங்கினேன். பதின்ம வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

வணக்கம் அண்ணா. உங்கள் கேள்வியில் பாதி கல்வியைப் பற்றியது அல்ல, வண்டியைப் பற்றியது. எங்கள் தோட்டத்திலும் இதே நிலைதான் இருந்தது. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பள்ளி வேன்காரரிடம் பேசி, புதன்கிழமைக்கு மட்டும் ஒரு பிள்ளைக்கு 5 ரிங்கிட் என்று முடிவு செய்தோம். பிள்ளை நான்குக்குக் குறைந்தால் அவருக்குக் கட்டாது. ஆகவே ஒருவர் வராவிட்டாலும் பணம் கொடுத்துவிடுகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலும் இதை எழுப்பினோம். பேருந்து கிடைக்கவில்லை, ஆனால் தூரத்துப் பிள்ளைகளை 4.15க்கே விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். கேட்டால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. பட்டணத்தில் இருக்கும் ஆசிரியருக்கு எங்கள் பாதை எப்படித் தெரியும்?

டியூஷன் ஆசிரியரிடம் சனிக்கிழமை காலையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மாற்றமாட்டார். மூன்று பிள்ளையோடு போனால் மாற்றுவார்.

தோட்டத்து அப்பா, பகாவ்

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளை உட்கார வைத்து இவற்றை எல்லாம் படித்துக் காட்டினேன். பொருள் அறைப் பையனின் கதையைக் கேட்டுச் சிரித்தவள், எண்பது பேர் மண்டபத்தில் உட்காரும் கதையைக் கேட்டு, "எங்கள் வலைப்பந்து அப்படித்தான் அப்பா, பந்து இரண்டே இரண்டு" என்றாள். ஆகவே செயலாளர் பதவியையும் செம்பிறைச் சங்கத்தையும் விடாமல் பிடித்துக்கொள்வது, வலைப்பந்தில் வருகையை மட்டும் காப்பாற்றிக்கொள்வது, போட்டி அணிக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். டியூஷன் ஆசிரியர் சனிக்கிழமைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார், இங்கே எழுதிய அம்மா சொன்னது போலவே மூன்று பிள்ளைகள் வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வேனுக்கு எங்கள் வீட்டு வரிசையில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். பகாவிலிருந்து எங்கள் பக்கம் வரும் பாதையில் உள்ள தோட்டங்களில், புதன்கிழமை 4.30க்குத் திரும்ப வேண்டிய பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நான்காவது இடம் காலியாக இருக்கிறது.