ஆய்வு முடியுமுன் வலைப்பதிவில் எழுதலாமா?

ஆய்வக எலி:
நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் வருடம். எந்தச் சோதனை வந்தது, எது சொதப்பியது என்று வாராவாரம் பதிவு எழுதி வந்தேன். கட்டுரை இதழில் வரும்வரை மூச்சு விடக்கூடாது என்று நெறியாளர் நிறுத்தச் சொல்லிவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. நான் எழுதத் தொடங்கியதே நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்டைப் பார்த்துத்தான். 2010 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை: கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா, டிஎன்ஏவில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்செனிக்கை வைத்துக்கொள்கிறதாம். நாசா பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தது. இரண்டே நாளில் ரெட்ஃபீல்ட் தன் பதிவில் ஓட்டைகளைப் புட்டுப் புட்டு வைத்தார். டிஎன்ஏவைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை, வளர்ப்பு ஊடகத்திலேயே பாஸ்பேட் கலந்திருக்கிறது. துறை வல்லுநர்களின் மதிப்பாய்வைத் தாண்டி வந்த கட்டுரை அது!

சாக்பீஸ்:
தம்பி, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். ரெட்ஃபீல்ட் அதே பாக்டீரியாவை வாங்கி வளர்த்தார், பிரின்ஸ்டன்காரர்களோடு சேர்ந்து டிஎன்ஏவை அளந்தார். ஆர்செனிக் இல்லை. 2012இல் அதே சயன்ஸில், அதே மதிப்பாய்வு வழியாக அது வந்த பிறகுதான் கேள்வி தீர்ந்தது. இன்னொன்று, அவர் அப்போதே பேராசிரியர். பதிவு எழுதி அவர் இழக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு ஆய்வேடே இன்னும் தாக்கல் ஆகவில்லை.

ஆய்வக எலி:
தம்பி இல்லை சார், தங்கை. அந்தச் சோதனையை அவர் நடக்க நடக்கப் பதிவில் எழுதினார், அதை நீங்களும்தான் விட்டுவிட்டீர்கள். இதழில் வருமுன்பே யாரும் படிக்கக் கட்டுரை வரைவுகளைப் போடும் ஆர்க்சைவ் தளத்திலும் போட்டார். அப்படியும் சயன்ஸ் வெளியிட்டதே?

வகுபடா எண்:
எங்கள் கணிதப் பக்கம் இது பழைய சங்கதி. 2009இல் கணிதவியலாளர் டிமத்தி கவர்ஸ் ஒரு கணக்கைத் தன் பதிவில் போட்டு, யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். ஹேல்ஸ்-ஜூவெட் என்ற கணிதத் தேற்றத்தின் அடர்த்தி வடிவத்துக்குப் புதிய நிரூபணம் பின்னூட்டங்களிலேயே இரண்டு மாதத்துக்குள் உருவாகிவிட்டது. கட்டுரையில் ஆசிரியர் பெயர் டி.எச்.ஜே. பாலிமத். அப்படி ஓர் ஆளே கிடையாது, சேர்ந்து யோசித்த எல்லோருக்குமான புனைபெயர்!

சாக்பீஸ்:
கணக்கில் தேதி போட்ட பின்னூட்டமே சாட்சி. ஆய்வகத்தில் முதலில் யோசித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது, முதலில் முடித்தவருக்குத்தான் பெயர். என் மாணவர் ஒருவர் மாநாட்டுச் சுவரொட்டியில் செய்முறையை முழுசாக எழுதிவைத்தார். கையில் காசும் ஆளும் உள்ள வேறொரு குழு ஐந்தே மாதத்தில் கட்டுரை போட்டுவிட்டது. அவர் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. காப்புரிமையிலும் வம்புதான். பதிவில் போட்டுவிட்டு அப்புறம் போய்க் கேட்டால், புதுமை இல்லை என்பார்கள்.

மஞ்சப்பை:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 2011இல் எட்டு எதிர்க் குறிப்புகளை வெளியிட்ட சயன்ஸ், அந்த ஆர்செனிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில்! பதிவுக்கு இரண்டு நாள், இதழுக்குப் பதினான்கரை வருடம். இதில் எது மெதுவான அறிவியல், எது வெறும் சோம்பல்? ஆனால் பதிவுலகமும் யோக்கியம் இல்லை. கட்டுரையின் முதல் ஆசிரியரான இளம் பெண்மீது கொட்டிய வசவு கொஞ்சமா? மோசடி என்று சயன்ஸே சொல்லவில்லை. ஆசிரியர்கள் திரும்பப் பெற்றதை ஏற்கவும் இல்லை.

ஆய்வக எலி:
வசவு விஷயம் சரி. திருட்டுப் பயத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். வந்த முடிவை எழுதவில்லை, வராததை மட்டும் எழுதுகிறேன். ஆறு மாதம் ஒரு பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் சோதனை) வராமல் மண்டை காய்ந்தேன். கடைசியில் பார்த்தால் மாதிரியில் கலந்திருந்த மண்ணின் ஹியூமிக் அமிலம்தான் காரணம். தோற்ற ஆறு மாதத்தை எந்த இதழ் போடும்? பதிவில் இருந்தால் அடுத்தவருக்காவது மிச்சமாகும்.

சாக்பீஸ்:
தோற்ற சோதனையும் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று காட்டிக்கொடுக்கும், தங்கையே. இருந்தாலும் இதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒன்று மட்டும், நெறியாளரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆய்வக எலி:
அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது சார். இன்னும் திறந்தே பார்க்கவில்லை.