வாக்ஸ் போட்டபோது தோல் உரிந்துவிட்டது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. மதுரையில் வீட்டு முன்அறையிலேயே சின்னதாகப் பார்லர் நடத்துகிறேன். போன வாரம் தெரிந்த அக்கா ஒருவருக்கு மேலுதட்டில் வாக்ஸ் போட்டு ஸ்ட்ரிப்பை இழுத்ததும், முடியோடு மேல்தோலும் வந்துவிட்டது, நகம் அளவுக்குச் சிவப்பாக, ஈரம் கசிந்தபடி. சூடு சரிதான், என் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். சுத்தமான தண்ணீரில் ஒற்றியெடுத்து, எதையும் தடவாமல் தோல் டாக்டரிடம் அனுப்பினேன்.

அப்புறம்தான் அந்த அக்கா சொல்கிறார், மங்குவுக்காக மெடிக்கலில் வாங்கிய கிரீமை மூன்று மாதமாக ராத்திரியில் போடுகிறாராம். ட்யூபை வாங்கிப் பார்த்தால் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் இருக்கின்றன. ட்ரெட்டினாயின் போடும் இடத்தில் வாக்ஸே கூடாது, மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அது தோலை மெலிதாக்கிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதையெல்லாம் விற்கக் கூடாது, ஆனால் எந்தக் கடையில் கேட்கிறார்கள்! சரி, "என்ன கிரீம் போடுறீங்க" என்று முதலிலேயே கேட்காதது என் தப்புதான்.

இனி எல்லாரிடமும் எழுதி வாங்கலாம் என்றிருக்கிறேன். போடுகிற கிரீம், சாப்பிடுகிற மாத்திரை, அலர்ஜி, கர்ப்பம் எல்லாம் கேட்டு தமிழில் படிவம் வைத்திருப்பவர்கள் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா? ட்ரெட்டினாயினை நிறுத்தி எத்தனை நாள் கழித்து வாக்ஸ் போடுகிறீர்கள்? இன்னொன்று, ஹேர் டைக்கு 48 மணி நேரம் முன்பே, அலர்ஜி வருகிறதா என்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வரச் சொன்னால், "பக்கத்துத் தெருவில் உடனே போடுறாங்களே" என்று போய்விடுகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?