புதுப்பிப்பு: வயலுக்குள் வந்த மாடும் எங்கள் ஊர்ச் சண்டையும்

விதைத்த வயலுக்குள் கட்டாக்காலி மாடுகள் நிற்கும் படத்தைப் போட்டு, "ஆரின்ரை மாடு இது?" என்று கேட்டிருந்தேன். கீழே ஊரே அடிபட்டது. முடிவு என்ன என்று பலர் கேட்டபடியால் இது.

காலபோகத்துக்கு (மாரி மழைக்காலத்து நெற்செய்கை) விதைத்த பிறகு மாட்டை எங்கே கொண்டுபோய் மேய்ப்பது என்பது மாட்டுக்காரரின் கேள்வி. மேய்ச்சல் தரை குறைந்தது உண்மைதான். ஆனால் அரிவு வெட்டும் வரைக்குமாவது கட்டி வைக்கலாமே? நான் இன்னும் வயல்காரர் பக்கம்தான்.

பகிடிக்கும் குறைவில்லை. ஒரு தம்பி படத்தைப் பெருப்பித்துக் காதுப்பட்டை இலக்கம் வாசிக்கப் பார்த்தார். "மாட்டிட்டை அடையாள அட்டை கேக்கிறியோ?" என்றார் ஓர் அக்கா. "ஏ9 றோட்டால வந்ததெண்டால் முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டுத்தான் வந்திருக்கும்" என்று இன்னொரு அண்ணை. (யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று தேங்காய் உடைப்பது வழக்கம்.) அதோடு கோபம் பாதி போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக் கூட்டத்தில் பேசி, இரவில் மாடுகளைப் பட்டியில் அடைப்பதாக மாட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்கள். வாய்க்கால் பக்கம் வேலி பிரிந்த இடத்துக்கு மாட்டுக்காரர் கதியால் (வேலிக்கு நடும் தடி) தருவார்கள், நாங்கள் முள்ளுக்கம்பி இழுப்போம். கிளுவைக் கதியால் வந்து இறங்கிவிட்டது.

ஒற்றைக் கொம்புச் சிவலை (செந்நிற) மாட்டுக்கு மட்டும் இன்னும் சொந்தக்காரர் இல்லை. பிரதேச சபை பிடித்தால் தண்டம் கட்ட வேண்டும் என்பதால்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது என் ஊகம்.