11 வருடம் நின்ற டீனோ 308 ஜிடி4: முதலில் எதில் கை வைப்பது?

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி, இருப்பது இங்கிலாந்தில் லெஸ்டர். 18 வருடமாக பஸ் டிப்போவில் டீசல் எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஆனால் கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினைச் சின்ன வயதில் மாமாவின் பட்டறையில் தொட்டதோடு சரி.

போன மாதம் ஃபெராரி தயாரித்த ஒரு 1975 டீனோ 308 ஜிடி4 கார் என் கேரேஜுக்கு வந்து சேர்ந்தது. வலதுபக்க ஸ்டியரிங், 61,000 மைல். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவருடைய கார். அவர் நன்றாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் அதன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவோம். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, வெளியே கேட்டால் கிடைக்கக்கூடிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஓடத் தொடங்கியதும் அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்கவைக்க வேண்டும்.

கார் 11 வருடமாக ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிவிட்டன. டைமிங் பெல்ட் மாற்றியதற்கான கடைசி ரசீது 2009-ஆம் ஆண்டுடையது. இடது பின்சக்கர வளைவில் பெயின்ட் அடியில் உள்ளங்கை அளவுக்குத் துரு கொப்பளித்திருக்கிறது.

கேரேஜில் ஒரு காருக்குத்தான் இடம், தூக்கும் லிஃப்ட் கிடையாது. பெல்ட் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டுமா? முதலில் புது பேட்டரி போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமா? துருவை இப்போதே வெட்டி எடுப்பதா, கடைசியிலா? இதே வண்டியில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.


பத்து_எம்எம்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 63 வயது. நானும் பக்கத்தில்தான், கவென்ட்ரி. என் வண்டி 1978 ஜிடி4. 2015-இலிருந்து என் வீட்டு கேரேஜில், இரண்டு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்ட் மேல்தான் எல்லா வேலையும் நடக்கிறது.

தயவுசெய்து பேட்டரி போடாதே. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். 2015-இல் என் வண்டி வந்த இரண்டாம் நாளே புது பேட்டரி, புது பெட்ரோல், மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பெட்ரோல் வாடை. கார்புரேட்டருக்குப் போகும் ஒரு பழைய ஹோஸ் வெடித்து, இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் பெட்ரோல் குளமாக நின்றது. சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தேன். தீப்பிடிக்கவில்லை. கேரேஜுக்கு மேல் அறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் நம்புவது இதுதான்: நின்ற வண்டியில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது, ரப்பர்தான் சாகும். பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், தண்ணீர் ஹோஸ், கேம் சீல், பெல்ட், டயர் என்று உன் வேலைப் பட்டியலில் முக்கால்வாசி ரப்பர்தான். அதை முடிக்காமல் அந்த எஞ்சினைத் தானாக ஓட விடாதே.

முதலில் இரண்டு டேங்கையும் காலி செய். டேங்க் பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒரு குழாய் இணைக்கிறது. அந்தக் குழாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த வேலையைக் கதவு திறந்த கேரேஜில், பகல் வெளிச்சத்தில், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துச் செய். பாய்லரோ ஃப்ரிட்ஜோ அதே கேரேஜில் இருந்தால் வண்டியை வெளியே தள்ளிவிட்டுச் செய். புது ஹோஸ் வாங்கும்போது மேலே ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சடித்திருக்கிறதா என்று பார். சாதாரண ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளிருந்து அழுகும்.

அடுத்து எஞ்சின். 16 ஸ்பார்க் பிளக் இருக்குமோ என்று பயப்படாதே, எட்டுதான். 16 என்பது வால்வு. எட்டையும் கழற்று, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடு, நாலைந்து நாள் அப்படியே விட்டுவிடு. அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் நீளமான கைப்பிடி வைத்து, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்று. எங்காவது முட்டினால் நிறுத்து. பலம் காட்டக்கூடாத இடம் இது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பல் தாண்டினாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். 2009 பெல்ட்டை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

பெல்ட் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த சில மாடல்களுக்கு எஞ்சினை இறக்கித்தான் செய்தாக வேண்டும். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு 308-க்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. வலது பின்சக்கரத்தைக் கழற்றி உள் தகட்டை எடுத்தால் பெல்ட் இருக்கும் முகம் உன்னைப் பார்த்து நிற்கும். மேலே பாதி, வளைவுக்குள் படுத்துக்கொண்டு பாதி என்று வேலை செய்ய வேண்டும். முதுகு வலிக்கும், ஆனால் ஒரு சனி ஞாயிறில் முடியும்.

இங்கே அவசரப்படாதே. ஃப்ளைவீலில் பிஎம் 1-4 என்று ஒரு குறி இருக்கிறது. அதைச் சுட்டிக்கு நேராகக் கொண்டுவந்து, கேம் கவர் இரண்டையும் கழற்றிப் பார்த்தால் வால்வைத் திறக்கும் ஒவ்வொரு கேம்ஷாஃப்டிலும் ஒரு கோடு, அதன் பேரிங் மூடியிலும் ஒரு கோடு இருக்கும். நான்கும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் வெள்ளை பெயின்டில் நீயே குறி வை, போட்டோ எடு. கழற்றிய நொடியில் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு கேம் துள்ளித் திரும்பக்கூடும், கையில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, பூட்டுக் கருவி போடு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கை விரலால் சுற்றிப் பார், கரகரத்தால் அதையும் மாற்று. நான் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். புது பெல்ட் போட்டபின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டென்ஷனர் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு நட்டை இறுக்கி, எல்லாக் குறியையும் மறுபடி பார்.

கேம் கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியை அளந்து எழுதிவை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.20 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 முதல் 0.35 மி.மீ. ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றி சரிசெய்வது. டீசல்காரனுக்கு இது புதிதல்ல.

கார்புரேட்டர் நான்கு, வெபர் 40 டிசிஎன்எஃப், ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை. நான்கையும் ஒரே நேரத்தில் பிரிக்காதே. ஒன்றைப் பிரித்துக் கழுவிப் பூட்டிய பிறகுதான் அடுத்தது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் முழுசாக ஒன்று இருக்கும். நான் முதல் தடவை ஒரு கடையில் கொடுத்தேன், ஜெட் இடம் மாறித் திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலமே போனது. இன்னொன்று, எஞ்சின் தடுமாறினால் எல்லோரும் முதலில் வெபரைத்தான் திருகுவார்கள். வால்வு, பிறகு இக்னிஷன் பாயின்ட்டும் டைமிங்கும், கடைசியாகத்தான் கார்புரேட்டர். இக்னிஷன் வரிசை 1-5-3-7-4-8-2-6, சுவரில் எழுதி ஒட்டிவை.

பிரேக் பெடல் கல் மாதிரி இருந்தால் காலிபர் பிஸ்டன் இறுகியிருக்கலாம், நான்கையும் பிரித்து சீல் மாற்றத்தான் வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் பின்பக்கம் பார், பழுப்பேறிய முனைகள் இருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டிகளின் பழைய நோய் அது.

துரு? கடைசி. ஆனால் கம்பியால் குத்திப் பார்த்துவிடு. மேல்தகடு மட்டும் என்றால் காத்திருக்கலாம். உள்ளே இருக்கும் ஃபிரேம் குழாய் வரை போயிருந்தால் அதுதான் முதல் வேலை, வெல்டிங் தெரிந்தவரிடம் போ.


வின்ரர்தூர்க்காரன்:

பத்து எம்எம் அண்ணை சொன்னதுக்கு மேல சொல்ல அதிகம் இல்லை. நான் சுவிசில் ஒரு ஃபெராரி 328 வைத்திருந்தனான், அதே குடும்பத்து எஞ்சின்தான்.

தண்ணீர் விசயத்தில் கவனம், தம்பி. ரேடியேற்றர் முன்னுக்கு, எஞ்சின் பின்னுக்கு, நடுவில் நீளக் குழாய். காத்து அடைபட்டால் மீற்றரில் சூடு சரியாகக் காட்டும், உள்ளுக்குள் எஞ்சின் வேகும். கூலன்ற் ஊத்தும்போது ஹீற்றரைத் திறந்து விடுங்கோ, ரேடியேற்றர் மேலுள்ள காத்துத் திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை பொறுமையாக நில்லுங்கோ.

ரயர் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சாலும் ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் டிஓடி எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம் வாரமும் வருசமும். மூண்டு இலக்கம் எண்டால் அது 2000-க்கு முன்னம் செய்தது. மிஷெலின் இந்தக் காருக்கான 205/70 அளவு 14 அங்குல எக்ஸ்டபிள்யூஎக்ஸ் ரயரைத் திரும்பவும் செய்யுது. விலை கூட, ஆனால் ஸ்டியரிங்கின்ர உணர்வு அதில்தான் இருக்கு.

ஓடத் தொடங்கின பிறகு ஒண்டு: கியர் ஒயில் சூடாகும்வரை இரண்டாம் கியர் உள்ளுக்குப் போக மறுக்கும். பழுது எண்டு பயப்பட வேண்டாம், தள்ளவும் வேண்டாம். முதல் பத்து நிமிசம் ஒண்டிலிருந்து நேரே மூண்டுக்குப் போங்கோ.


கோட்டோவியம்:

எஞ்சின் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, கார் வடிவமைப்பு படித்தவள் நான். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் 1975 வண்டியின் மூக்கில் டீனோ என்ற சின்னம் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஃபெராரியின் குதிரைச் சின்னத்தை ஒட்டச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். செய்யாதீர்கள். என்ஸோ ஃபெராரியின் மறைந்த மகனுடைய பெயர் அது. ஜிடி4 முதலில் அந்தப் பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனம் அல்லாமல் பெர்டோனே என்ற இன்னொரு நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி வரைந்த வடிவம். லம்போர்கினியின் மியூராவையும் கவுன்டாக்கையும் வரைந்த அதே கை. நான்கு பேர் உட்கார வேண்டும், எஞ்சினும் நடுவில் இருக்க வேண்டும் என்ற கணக்கை 2,550 மி.மீ. சக்கர இடைவெளிக்குள் அவர் தீர்த்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

டாக்டரின் ரசீதுகள், கையேடு, கருவிப் பை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் தூக்கிப் போட வேண்டாம்.


லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி வாங்கவில்லை அண்ணா. டேங்க் காலி. இணைப்புக் குழாயைத் தொட்டதும் கையோடு உதிர்ந்து வந்தது. எண்ணெய் விட்டு ஐந்து நாள் காத்திருந்து நேற்று ராத்திரி சுற்றினேன், முட்டாமல் முழுச் சுற்று வந்தது. துருவைக் குத்திப் பார்த்தேன், மேல்தகடுதான், குழாய் சுத்தமாக இருக்கிறது.

பெட்ரோல் எதைப் போடுவது? இங்கே பம்பில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 தானே வருகிறது.


பத்து_எம்எம்:

நல்ல சேதி. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல்தான் இ10. சூப்பர் என்று விற்பது இ5, அதில் எத்தனால் குறைவு, அதையே போடு. குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்கவிடாதே. கேபிளில் இயங்கும் கிளச் இது, 11 வருடத்தில் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். பெடலை அழுத்தியபடி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரண்டு நாள் விட்டுப் பார், பல நேரம் தானாக விடும். பெல்ட் போட்டதும் சொல்.


லெஸ்டர்வாசி:

பெல்ட் இரண்டும் போட்டாயிற்று அண்ணா. டென்ஷனர் பேரிங் ஒன்று நன்றாகவே கரகரத்தது, இரண்டையும் மாற்றிவிட்டேன். டார்ச் வெளிச்சத்தில் பிஎம் 1-4 குறியைப் பார்த்தபோது என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வால்வு அளக்க டாக்டரின் கையேட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் 16 வால்வுக்கும் கட்டம் போட்டு, தேதியோடு எண்களை எழுதி வைத்திருக்கிறார். என் கணக்கை அதற்குக் கீழேயே எழுதினேன். பதினான்கு வால்வு அவர் எழுதியதோடு ஒத்துப்போகிறது. இரண்டு எக்ஸாஸ்ட் மட்டும் 0.25-க்கு இறுகியிருக்கிறது. ஷிம் வியாழக்கிழமை வருகிறது.